வெந்த தூண்களுக்கு வெள்ளையடித்தால் போதுமா?

அடுக்குமாடிக் கட்டடங்களில் தீவிபத்து நேரும்போதெல்லாம் விசாரணைக்கு உத்தரவிடப்படுகிறது, இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. தீயில் வெந்த தூண்கள் இனியும் பாரம் தாங்குமா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை.

2012 ஜூன் 21-ல் மும்பையில் மகாராஷ்டிர அரசின் தலைமைச் செயலகமான மந்த்ராலயாவில் மூண்ட தீ, 5 உயிர்களைப் பலிகொண்டது. மேல்தளங்கள் எரிந்தும் கட்டடம் நின்றது, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. 2017 மே 31-ல் சென்னை தியாகராய நகரில் 7 மாடி ஜவுளிக்கடை தீக்கிரையானபோது, மறுநாள் அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. எஞ்சியதும் இடித்து அகற்றப்பட்டது.

கான்கிரீட் எரியாது, வெப்பம் அதனுள் மெதுவாகவே பரவும் என்பது உண்மைதான். ஆனால், சுமார் 300 டிகிரி செல்சியஸைக் கடந்ததும் அதன் வலிமை குன்றத் தொடங்குகிறது. உள்ளே தங்கிய ஈரம் நீராவியாகி, மேற்பரப்பைச் சில்லுசில்லாகப் பெயர்த்தெறிகிறது. அதனால் வெளிப்படும் இரும்புக் கம்பி, 600 டிகிரியை நெருங்கும்போது ஏறத்தாழப் பாதி வலிமையை இழந்துவிடுகிறது. தீ அணைந்து ஆறியபின் கம்பி பெருமளவு மீளக்கூடும். கான்கிரீட் அவ்வாறு மீள்வதில்லை. தூண் நிற்கிறது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று பொருளல்ல.

2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் 456, தூணின் கம்பிகளை மூடும் கான்கிரீட் பொதுவாக 40 மி.மீ. கனம் இருக்க வேண்டும் என்கிறது. நாற்புறமும் தீயில் அகப்படும் தூண் 2 மணி நேரம் தாக்குப்பிடிக்க 300 மி.மீ. அகலமும், 4 மணி நேரத்துக்கு 450 மி.மீ. அகலமும் தேவை. கட்டும்போது இதில் செய்யும் சிக்கனம், தீப்பிடிக்கும் நாளில் உயிர்களைக் கேட்கும்.

தீயணைப்புப் பணியை உள்ளாட்சிகளின் பொறுப்புகளில் ஒன்றாக அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை குறிப்பிடுகிறது. 2016-ல் வெளியான தேசியக் கட்டட விதித்தொகுப்போ மாநிலங்களுக்கு அளிக்கப்பட்ட பரிந்துரையே. மாநில, உள்ளாட்சி விதிகளில் இடம்பெற்றால்தான் அதற்குச் சட்ட வலிமை கிடைக்கும். இந்த இடைவெளியில் பொறுப்பு நழுவிவிடக் கூடாது.

தீக்கு இரையான எந்த உயர்ந்த கட்டடமும், தூண்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, கட்டமைப்புப் பொறியாளர் எழுத்துமூலம் சான்றளித்த பிறகே மீண்டும் பயன்பாட்டுக்கு வர வேண்டும். இதை ஒவ்வொரு மாநிலமும் கட்டாயமாக்குவதே முறை. சுவரின் கரியைச் சுண்ணாம்பு மறைத்துவிடும். தூணின் காயத்தை அது ஆற்றாது.