வின்ஸ்டன் ஸ்மித் என்கிற குமாஸ்தா

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' (1949) பற்றிப் பேசும் இலக்கிய நண்பர்கள் பெரியண்ணனை வைது தீர்த்துவிட்டு, வின்ஸ்டன் ஸ்மித்தைக் கோழை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். க.நா.சு. நாவலைத் தமிழில் தந்த பிறகும் இதே கதைதான். பிடிக்காதவனிடம் பரிவு கொள்வது அவனை மன்னிப்பதாகிவிடும் என்று பயம். இது வாசிப்பு அல்ல. நன்னடத்தைச் சான்றிதழ் வழங்கும் வேலை.

வின்ஸ்டன் நல்லவன் என்று நான் வாதிடவில்லை. சிறுவயதில் தங்கையின் சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன். எதிர்ப்பியக்கத்துக்காகக் குழந்தையின் முகத்தில் அமிலம் வீசுவாயா என்றால், சரி என்கிறான். 101-ஆம் எண் அறையில், தனக்குப் பதில் ஜூலியாவை வதைக்கும்படி கதறுகிறான். எனக்கு முக்கியமானது வேறொன்று. பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுவது அவன் உத்தியோகம். அது அவனுக்குப் பிடித்தும் இருக்கிறது. ஓகில்வி என்று இல்லாத ஒரு வீரனை உட்கார்ந்த இடத்திலேயே சிருஷ்டித்துவிடுகிறான்.

நானும் குமாஸ்தாதான். மூங்கில்துறைப்பட்டில், ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகும் சாலையோர அறையில், இந்த நாவலை இரண்டாம் தடவை படித்தபோது ஓகில்வியின் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. முன்பு ஒரு கிளையில், மார்ச் 31-க்குள் வாராக் கடன் கண்ணில் படாமலிருக்க, பழைய பயிர்க்கடன் புதுக் கடனால் தீர்ந்ததாக எழுதியிருக்கிறேன். விவசாயி கைக்கு ஒரு ரூபாய் போகவில்லை. பேரேடு கச்சிதமாக இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த ஆட்சி பெரியண்ணன் ஒருவனால் நடப்பதல்ல. சுத்தமாகக் கணக்கு எழுதும் கைகளால் நடப்பது. வின்ஸ்டனை வெறுத்துத் தப்பித்துக்கொள்பவர்களுக்கு நாவல் வெறும் ரஷ்யச் சமாசாரம். அவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குத்தான் அது உள்ளூர் விஷயம்.