வாசல் ஒன்று போதாது



ஆசிரியத் தொழிலில் எனக்கு ஒரு கடன் உண்டு. பல வருடங்களுக்கு முன் என் வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு மாணவன் இருந்தான். நான் பாடத்தை வாயால் சொல்லுவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அப்படித்தான் நான் படித்தேன், அப்படியே படிப்பித்தேன். அவன் மட்டும் பாதியில் பேனையை வைத்துவிடுவான். "சோம்பேறி" என்று எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். வருடக் கடைசியில் அவனுடைய உம்மா வந்தார். "மௌலவி, புள்ளைக்கு ஒரு காது கேக்காது. மத்ததும் மட்டுமட்டுதான்" என்றார். அதுவரை அவன் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதி வந்திருக்கிறான். பாடத்தின் சுருக்கத்தை ஒரு தாளில் முன்கூட்டியே கொடுத்திருந்தால் விடயம் முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றவேயில்லை.

பள்ளிக்கூட ஆசிரியராவது படிப்பிக்கும் முறையைப் பயிற்சிக் கலாசாலையில் கற்றுக்கொள்கிறார். பல்கலைக்கழக விரிவுரையாளர்களில் பலர் தமது துறையில் கரைகண்டவர்கள். ஆனால் படிப்பிப்பது எப்படி என்று முறையாகப் பயின்றவர்கள் அல்லர். தமக்கு எப்படிச் சொல்லித்தரப்பட்டதோ, அப்படியே சொல்லிக் கொடுக்கிறார்கள். என் தவறும் அதுதானே!

எகிப்தின் தாஹா ஹுசைனை அறிந்திருப்பீர்கள். 1889 இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கண் பார்வையை இழந்தவர். அவருடைய கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் மறுத்தார்கள். அது வேறு விடயம். அவர் அல்அஸ்ஹரில் படிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அங்கே பாடம் செவிவழியாக நடந்தது. ஆசிரியர் ஓதுவார், மாணவர் கேட்டு மனனமிடுவார். கண் தெரியாதவருக்கு அந்த வாசல் திறந்திருந்தது. அப்படியிருந்தும் அனுமதிப் பரீட்சையில் பரீட்சகர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், அவருடைய குறையையே பெயராக்கிக் கூப்பிட்டதை, தமது வாழ்க்கை வரலாற்றில் ஆறாத வடுவாக எழுதியிருக்கிறார். அவரே 1914 இல் கெய்ரோவின் புதிய பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1950 இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே செவிவழிப் பாடத்தில் என் மாணவனை இருத்தினால்? அவனுக்கு அந்த வாசல் மூடியிருக்கும். ஒருவருக்குத் திறக்கும் வாசல் இன்னொருவருக்கு மூடுகிறது. ஆகவே வாசல் ஒன்று போதாது.

இந்த எண்ணம் முதலில் கட்டடக் கலையில் பிறந்தது. அமெரிக்காவின் ரொனால்ட் மேஸ் என்ற கட்டடக் கலைஞர் சிறு வயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டி முடித்தபின் ஊனமுற்றவருக்காக ஒரு மூலையை மாற்றிக் கொடுப்பதைவிட, வரைபடம் போடும்போதே எல்லாரையும் நினைத்துப் போடுங்கள் என்பது அவர் கூற்றின் சாரம். படிக்கட்டின் பக்கத்தில் சாய்தளம் வைத்தால் சக்கர நாற்காலிக்காரர் மட்டுமா ஏறுகிறார்? பிள்ளை வண்டி தள்ளும் தாயும், சாமான் வண்டி தள்ளும் தொழிலாளியும் ஏறுகிறார்கள்.

1984 இல் மசாசூசெட்ஸில் தொடங்கிய காஸ்ட் என்ற நிறுவனம் இதைப் பாடத்துக்குக் கொண்டு வந்தது. அதன் விதிகள் மூன்று. பிள்ளைக்கு ஆர்வம் பிறக்கப் பல வழிகள் வேண்டும். பாடத்தைக் காட்டப் பல வழிகள் வேண்டும். விளங்கியதைப் பிள்ளை வெளிப்படுத்தவும் பல வழிகள் வேண்டும்.

விரிவுரையாளர்கள் இதற்கு இரண்டு மறுமொழி சொல்வதுண்டு. "தரம் குறைந்துவிடும்" என்பது ஒன்று. குறையாது. மருத்துவ மாணவன் நோயைச் சரியாகக் கண்டறியத்தான் வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அந்த நோயின் காரணத்தை அறிந்திருப்பதை எழுதிக் காட்டினாலென்ன, வாயால் சொல்லிக் காட்டினாலென்ன? சோதிக்க வேண்டியது அறிவையா, கையெழுத்தின் வேகத்தையா?

மற்றது, "நேரமில்லை" என்பது. இதற்கு அமெரிக்கப் பேராசிரியர்கள் தோமஸ் டோபினும் கேர்ஸ்டன் பெஹ்லிங்கும் 2018 இல் வெளியிட்ட நூலில் எளிய வழி சொன்னார்கள்: எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், இப்போது ஒரு வழி இருக்கும் இடத்தில் இன்னும் ஒன்றைச் சேருங்கள். விரிவுரை ஒலிப்பதிவாக இருந்தால் எழுத்தும் கொடுங்கள்.

அயர்லாந்தில் அஹெட் என்ற அமைப்பும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியும் சேர்ந்து விரிவுரையாளர்களுக்கு ஒரு குறுகிய பாடநெறி நடத்துகின்றன. சிறு குழுவாகப் படித்து, தமது பாடத்தில் ஏதாவது ஒன்றை மாற்றி நடத்திப் பார்த்து, நடந்ததைச் சக ஆசிரியர்களிடம் சொல்ல வேண்டும். மேலிடத்துச் சுற்றறிக்கைக்கு அசையாத ஆசிரியர், பக்கத்து அறை நண்பர் "என் வகுப்பில் பலன் கிடைத்தது" என்றால் அசைகிறார். மனித சுபாவம் அதுதான்.

நமது நாடும் 2016 இல், ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. உயர்கல்வியும் அச்சாசனத்தில் அடங்கும். ஆகவே சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் காதையோ கண்ணையோ பற்றி ஆசிரியரிடம் வருடக் கடைசிவரை மறைத்து வைக்க வேண்டாம். முதல் நாளே சொல்லுங்கள். அது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. பட்டப் படிப்பைத் தொடரும் இளம் தாய்மாரே, கைக்குழந்தையின் காய்ச்சலால் தவறிய விரிவுரையின் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் திறக்கச் செய்யும் வாசலால் உங்களுக்குப் பின் இன்னும் பலர் நுழைவார்கள்.

அந்த மாணவனை நான் பிறகு காணவில்லை. ஆனால் அந்த வருடத்திலிருந்து பாடச் சுருக்கத்தைத் தாளில் எழுதி, வகுப்புக்கு முன்பே எல்லாருக்கும் கொடுத்து வருகிறேன். நன்றாகக் காது கேட்கும் பிள்ளைகளும் அதைக் கை நீட்டி வாங்குகிறார்கள். இன்றுவரை வேண்டாமென்று சொன்ன பிள்ளை ஒன்றுமில்லை.