கோயம்பேடு திறந்தபோது: கொரோனா எண்ணிக்கையை விவசாயி எப்படிப் படிப்பது?



2020 செப்டம்பர் 28, திங்கட்கிழமை கோயம்பேடு காய்கறி மொத்தச் சந்தை மீண்டும் திறந்தது. மே 5ஆம் தேதி பூட்டியது. ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகியிருந்தது. செய்தி வந்ததில் இருந்து ஊர்களில் இரண்டு கேள்விகள் ஓடின. சென்னைக்கு லோடு அனுப்பலாமா என்பது ஒன்று. அங்கே மூட்டை தூக்கப் போகிற பையன்கள் திரும்பி வந்தால் மறுபடியும் ஊருக்குள் நோய் வந்துவிடாதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் தினமும் மாலையில் டிவியில் ஓடிய மாவட்ட எண்ணிக்கையில் இருப்பதாகத்தான் பலரும் நினைத்தார்கள். அந்த எண்ணிக்கையை எப்படிப் படிப்பது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

மே முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். மே 4ஆம் தேதி தமிழகத்தில் புதிய தொற்று 527. அதில் சென்னை 266, கடலூர் மட்டும் 122. இரண்டு நாள் கழித்து, மே 6ஆம் தேதி அரியலூரில் ஒரே நாளில் 188. அதுவரை அரியலூரில் குறைவாகத்தான் இருந்தது. பெரும்பாலும் கோயம்பேட்டில் இருந்து ஊர் திரும்பியவர்கள். அந்த வாரம் கிராமங்களில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் எல்லையில் முள்வெட்டிப் போட்டார்கள். பிழைக்கப் போய் வெறுங்கையோடு வந்தவனைத் திருடனைப் போல் பார்த்தார்கள்.

ஆனால் 122, 188 என்ற எண்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். திரும்பி வந்தவர்களைக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் தங்கவைத்து, மொத்தமாகச் சளி மாதிரி எடுத்தார்கள். மாதிரிகளின் முடிவு ஒன்றாக வந்தது. அன்றைய கணக்கில் ஏறியது. அந்த 188 பேருக்கும் மே 6ஆம் தேதி நோய் வரவில்லை. வந்து ஒரு வாரம், பத்து நாள் ஆகியிருக்கும். அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான். மே மாதக் கடைசியில் அதே அரியலூரில் புதிய தொற்று மிகவும் குறைந்துவிட்டது. வந்தவர்களைத் தனியே வைத்துச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்ட மாவட்டத்தில் நோய் அந்த வட்டத்தோடு நின்றது. டிவியில் 188 பெரிய எழுத்தில் வந்தது. பிறகு குறைந்தது யார் கண்ணிலும் படவில்லை.

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துப் பார்க்கலாம். மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது இனக்கவர்ச்சிப் பொறி வைத்தோம். ஏக்கருக்கு ஐந்து பொறி வைத்தவர் தோட்டத்தில் அந்துப்பூச்சி நிறைய விழுந்தது. பொறியே வைக்காத பக்கத்துத் தோட்டத்துக்காரர் கணக்கில் பூச்சி ஒன்றுகூட இல்லை. அதனால் அவர் தோட்டம் சுத்தம் என்று யாராவது சொல்வோமா? கொரோனா பரிசோதனையும் அந்தப் பொறி மாதிரிதான். எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று தெரியாமல் எத்தனை பேருக்கு வந்தது என்பதை மட்டும் படித்தால் கணக்கு தப்பும். 2020 செப்டம்பரில் தமிழகத்தில் தினமும் 90,000 அளவுக்கு மாதிரிகள் பார்த்தார்கள். தொற்று 5,500 சொச்சம். நூறு பேரில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாவட்டத்துக்கும் இந்த விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வெறும் எண்ணிக்கையைவிட அதில்தான் விஷயம் இருக்கிறது.

இனி, காரணம் யார் என்ற பேச்சுக்கு வருவோம். மார்ச், ஏப்ரலில் டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் என்றார்கள். ஒரு சமூகத்தையே ஊர்களில் ஒதுக்கிவைக்கும் அளவுக்கு அந்தப் பேச்சு போனது. மே மாதம் கோயம்பேடு என்றார்கள். வியாபாரிகள் இடம் மாற மறுத்தார்கள் என்று அரசுத் தரப்பும், அரசு தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது என்று எதிர்த்தரப்பும் மாறி மாறிச் சொன்னார்கள். ஏப்ரல் கடைசியில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், அதற்கு முந்தைய நாள் கோயம்பேட்டில் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள், இரண்டு தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று சொல்வார்கள். 295 ஏக்கர் சந்தையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். லாரி வரும் நேரம் எல்லாம் ஒரே நேரம். அந்த இடத்தில் நோய் பரவாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் கோயம்பேடுதான் காரணம் என்பது சரியாக வரவில்லை. அதற்கு வடசென்னையைப் பார்க்க வேண்டும்.

புளியந்தோப்பு உங்களில் பலருக்குத் தெரிந்த இடம்தான். ஆடு வளர்ப்பவர்களுக்கு ஆடுதொட்டி என்றால் புளியந்தோப்புதான். ஒரு காலத்தில் பின்னி மில்லில் வேலை என்று செங்கல்பட்டு, ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். மில் மூடிவிட்டது, குடும்பங்கள் தங்கிவிட்டன. மாநகராட்சிக் கணக்கில் இது திரு.வி.க. நகர் மண்டலம். பக்கத்தில் ராயபுரம் மண்டலம். கோயம்பேட்டில் தொற்று தெரிவதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்திலேயே, சென்னையில் அதிகத் தொற்று ராயபுரம் மண்டலத்தில்தான் இருந்தது. மே மாதம் கோயம்பேடு பூட்டிய பிறகும் அங்கே ஏறிக்கொண்டேதான் இருந்தது. கடலூரும் அரியலூரும் இறங்கிய அதே வாரங்களில் ராயபுரமும் தண்டையார்பேட்டையும் திரு.வி.க. நகரும் ஏறின. கோயம்பேடு மட்டுமே காரணம் என்றால், அதைப் பூட்டியதும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இறங்கியிருக்க வேண்டும்.

வடசென்னையில் ஏறியதற்குக் காரணம் அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரே அறையில் ஐந்து, ஆறு பேர். நான்கைந்து குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை. தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு வரிசையில் நிற்கிறது. ஊரடங்கு என்றாலும் வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள்: துப்புரவுப் பணியாளர்கள், துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர்கள், காசிமேட்டில் மீன் வேலை செய்பவர்கள், ஆடுதொட்டியில் வேலை செய்பவர்கள். வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள் என்றால் எந்த அறையில் போய்த் தனிமைப்படுவது? புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் குடிசை மாற்று வாரியம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளில், சொந்தக்காரக் குடும்பங்கள் குடியேறும் முன்பே நோயாளிகளைத் தங்கவைக்க வேண்டிவந்தது. அந்த மக்கள் முகக்கவசம் போடவில்லை, ஒழுங்காக இல்லை என்று பேசுவது சுலபம். நம் கிராமத்துக் காலனித் தெருவில் இதே நெருக்கடி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுப் பேசலாம்.

அங்கே நடந்த இன்னொரு தவறு நமக்குப் பாடம். ஆரம்பத்தில் ஒருவருக்குத் தொற்று என்றால் தெருவையே தகரம் வைத்து அடைத்தார்கள். விளைவு என்ன? தகரம் அடித்துவிடுவார்கள், அன்றாடக் கூலி போய்விடும் என்ற பயத்தில் காய்ச்சலை வெளியே சொல்லாமல் மறைத்தார்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பிறகு மாநகராட்சி தினமும் நூற்றுக்கணக்கான இடங்களில் காய்ச்சல் முகாம் போட்டு, வீடு வீடாக ஆள் அனுப்பி விசாரித்தது. ஜூன் 30ஆம் தேதி ஒரே நாளில் 2,393 வரை போன சென்னை எண்ணிக்கை செப்டம்பரில் ஆயிரத்தை ஒட்டி நின்றது. ராயபுரம் பட்டியலில் கீழே இறங்கி, கோடம்பாக்கமும் அண்ணா நகரும் மேலே வந்துவிட்டன. பயமுறுத்தியபோது மறைத்தவர்கள், வீடு தேடி வந்து கேட்டபோது சொன்னார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் வந்த ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். ஜூலையில் சென்னையில் 12,405 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நோய் வந்து போனவர்களின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருக்கும். அது 21.5 சதவீதம் பேருக்கு இருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44.2 சதவீதம், ராயபுரத்தில் 34.4 சதவீதம், மாதவரத்தில் 7.1 சதவீதம். ஜூலை நடுவில் சென்னையில் அதிகாரபூர்வத் தொற்று 80,000 சொச்சம்தான். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம். அதில் 21.5 சதவீதம் என்றால் 14 லட்சம் பேர். அதாவது, கண்டுபிடித்த ஒவ்வொருவருக்கும் பின்னால், தனக்கு வந்தது தெரியாமலேயே வந்துபோனவர்கள் பதினைந்து பேருக்கு மேல். இறப்புக் கணக்கும் அப்படித்தான். விடுபட்டுப்போன 444 இறப்புகளை ஜூலை 22ஆம் தேதி ஒரே நாளில் கணக்கில் சேர்த்தார்கள். அன்றைக்கு டிவியில் பார்த்தவர்கள் ஒரே நாளில் 518 பேர் இறந்துவிட்டதாக நினைத்துப் பதறினார்கள்.

இதைச் சொல்வதால் நோய் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அறுபது வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருப்பவர் வீட்டில் இருந்தால் இந்த நோய் விளையாட்டல்ல. நான் சொல்வது ஒன்றுதான். எண்ணிக்கை குறைவாக இருக்கும் ஊர் நோய் இல்லாத ஊர் என்று அர்த்தமில்லை. நேற்று வந்த சென்னைக்காரனிடம் மட்டும்தான் நோய் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. கடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்பேடு பூட்டிக் கிடந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அந்த மாவட்டத்தில் தினமும் நூற்றுக்கணக்கில் வந்தது. அதற்கு எந்தச் சந்தையைக் குறை சொல்வது? கல்யாணம், காரியம், கூட்டமாக நாற்று நடவு, ஒரே டெம்போவில் இருபது பேர் என்று நம் ஊருக்குள்ளேயே காரணங்கள் இருக்கின்றன.

வதந்தியால் நமக்கு வந்த நஷ்டம் நோயால் வந்ததற்குக் குறைந்ததல்ல. மார்ச்சில் கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஓடிய ஒரு பொய் நாமக்கல் முட்டை விலையைப் படுக்கவைத்தது. பிறகு கோயம்பேட்டுக் காய்கறி என்றாலே தொடப் பயப்பட்டவர்கள் நகரத்தில் இருந்தார்கள். காய்கறி மூலமாக இந்த நோய் பரவியதாக ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆட்களின் நெருக்கம்தான் பிரச்சினை. கேட்கிறவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி லோடு விஷயம். அந்தத் திங்கட்கிழமை திறந்தது முழுச் சந்தை அல்ல. முதல் கட்டமாகப் பெரிய மொத்தக் கடைகள் மட்டும்தான். சில்லறை வியாபாரத்துக்கு அப்போது அனுமதி இருக்கவில்லை. உங்களுக்கு வழக்கமான கமிஷன் மண்டிக்காரர் சிறிய கடைக்காரர் என்றால் அவர் கடை அப்போது திறக்காமல் இருந்திருக்கலாம். வண்டி ஏற்றும் முன் அவரிடம் போனில் கேளுங்கள். வேறொருவர் கடையில் இறக்கச் சொன்னால், எடையும் விலையும் யார் பெயரில் பில் போடுவார்கள் என்பதைப் பேசிக்கொள்ளுங்கள். பழம் அனுப்பியவர்களுக்கு அப்போது மாதவரம்தான். திருமழிசையில் மழைச் சேற்றில் தக்காளியும் கீரையும் அழுகியதைப் பார்த்தோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு கோயம்பேட்டுக்குத் திரும்பியது நமக்கு லாபம்தான். ஆனால் முதல் வாரம் எல்லோரும் ஒரே நாளில் ஏற்றினால் விலை விழும். தக்காளி, கத்தரி போன்றவற்றை இரண்டு மூன்று பறிப்பாகப் பிரித்து, ஒரு பகுதியைப் பக்கத்து உழவர் சந்தைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

வண்டியோடு போகிறவர்கள் சரக்கை இறக்கியதும் கிளம்பிவிடுங்கள். மே மாதத்தில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் சந்தைக்குள்ளேயே சமைத்து, கடை வாசலிலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளிகள். வந்து சரக்கு இறக்கிப் போன டிரைவரைவிட அங்கேயே தங்கியவருக்குத்தான் ஆபத்து அதிகம். பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டால் நின்று காத்திருக்க வேண்டியதில்லை. வண்டிக்குள் மூன்று பேர் இருந்தால் கண்ணாடியை இறக்கி வையுங்கள், முகக்கவசம் வாய்க்கு மட்டுமல்ல, மூக்குக்கும் சேர்த்து.

திரும்பி வந்தவருக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது என்று ஏதாவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 எண்ணுக்கோ சொல்லச் சொல்லுங்கள். ஊராட்சியில் பேசி, பள்ளிக் கட்டடத்திலோ தோட்டத்து மோட்டார் கொட்டகையிலோ ஒரு கட்டிலும் தண்ணீரும் சாப்பாடும் ஏற்பாடு செய்துவையுங்கள். அந்த நாட்களுக்கு அவர் மாட்டுக்குத் தீவனம் போட யார், அவர் வயலுக்குத் தண்ணீர் கட்ட யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட்டால், காய்ச்சல் வந்தவர் அதை மறைக்க மாட்டார்.