சொற்கள் ஒதுங்கிய இடம்

கடந்த சில திங்களாக யாம் படித்த நூல்கள் ஒரே துறையின அல்ல. ஆராய்ச்சி நூல் ஒன்று, நிலைத்திணை நூல் ஒன்று, அகரமுதலி ஒன்று, புதினங்கள் மூன்று. தனித்தமிழ்ப் பற்றாளன் ஒருவன் இவற்றுள் எவற்றை விலை கொடுத்து வாங்கலாம் என்று வினவின், யாம் கூறும் விடை நம் அன்பர் சிலர்க்கு உவப்பாக இராது. ஆயினும் கூறித்தான் ஆகல் வேண்டும்.

மயிலை சீனி. வேங்கடசாமியார் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட 'மறைந்து போன தமிழ் நூல்கள்' என்னும் பொத்தகத்தை மறுபடியும் எடுத்துப் படித்தோம். பெயர் மட்டும் எஞ்சியவை, ஓரிரு பாக்கள் மட்டும் எஞ்சியவை என நாம் இழந்த செல்வத்தை அவர் கணக்கெடுத்து வைத்திருக்கின்றார். படிக்கப் படிக்க வயிறு எரிகின்றது. வளையாபதியில் நமக்குக் கிடைப்பன 72 பாக்கள், குண்டலகேசியில் 19. இவையேனும் எவ்வாறு பிழைத்தன? உரையாசிரியர்கள் தம் கருத்துக்குச் சான்றாக எடுத்தாண்டமையாலும், 'புறத்திரட்டு' தொகுத்தவர் தம் உள்ளத்துக்கு உகந்தவற்றைப் பெயர்த்தெழுதியமையாலும் பிழைத்தன. மூலநூல் அழியும், நாம் காப்போம் என்று எண்ணியா அவர்கள் எழுதினர்? தம் வேலையைச் செய்தனர். அவ் வேலையினூடே தமிழும் பிழைத்தது.

அன்று நூல்களுக்கு நேர்ந்தது இன்று சொற்களுக்கு நேர்ந்துகொண்டிருக்கின்றது. இதனைக் கண்முன் நிறுத்தியவை இரண்டு புதினங்கள்.

இராசம் கிருட்டிணன் அம்மையாரின் 'கரிப்பு மணிகள்' 1979இல் வெளிவந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்க்கையைக் கூறுவது. மேலே வெயில், கீழே கரிப்பு நீர், நடுவில் நின்று வேகும் மாந்தர். பொன்னாச்சி என்னும் பெண் அங்குப் படும் பாட்டைப் படித்தவர்க்குச் சோற்றில் உப்பிடும்போது கை தயங்கும். அம்மையார் வீட்டிலிருந்தபடியே புனைந்தவரல்லர். அம் மக்களிடையே சென்று கண்டும் கேட்டும் எழுதியவர். நடையில் வடசொல் மலிவு. கதை இடையிடையே கட்டுரையாகி விடுவதும் உண்டு. ஆனால், பாத்தி, தெப்பம், வாருபலகை என அளத்துச் சொற்கள் அத் தொழிலாளர் வாயினின்று வந்தபடியே அமர்ந்திருக்கின்றன. பழம்பாட்டில் உமணர் வருமிடத்து 'உப்பு வணிகர்' என்று பொருள் கூறிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடும் எம்போன்ற தமிழாசிரியர்கள் இதனைக் கட்டாயம் படித்தல் வேண்டும்.

மற்றொன்று சோ டி குரூசு எழுதி 2004இல் வெளிவந்த 'ஆழி சூழ் உலகு'. முதல் ஐம்பது பக்கங்கள் கடினம். பரதவர் பேச்சை ஆசிரியர் நமக்காக இளக்கித் தரவில்லை. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த கிறித்துவச் சொற்களும் நிரம்ப உள. பொறுத்துப் படிப்பவர்க்குக் கடலே திறக்கின்றது. வாடை, கொண்டல் என்பவற்றை நாம் பாட்டில் மட்டும் கண்டோம்; கரையில் அவை உயிர்பிழைக்கும் வழி. கச்சான், சோழகம் என்னும் காற்றுகளும், நீவாடு என்னும் நீரோட்டமும் அறியாதவன் கட்டுமரத்தில் கால்வைக்க இயலாது. விசைப்படகு வந்தது, பாய் இறங்கிற்று. பாயோடு சேர்ந்த சொற்கள் எங்கே போகும்? கிழவர் ஒருவர் மறைய ஒரு கைப்பிடி என மறைந்துகொண்டேயிருக்கும்.

மூன்றாம் புதினம் நம் அன்பர் ஒருவர் எழுதி எமக்கு விடுத்தது. பெயர் வேண்டா. முந்நூறு பக்கத்தில் ஒரு வடசொல் இல்லை. அதற்காக அவரைப் பாராட்டுகின்றோம். ஆனால் அதில் உழவன் வருகின்றான், ஏரின் உறுப்பு ஒன்றன் பெயரும் வரவில்லை. கொல்லன் வருகின்றான், அவன் கையில் 'கருவி' இருக்கின்றது. எந்தக் கருவி? மாந்தர் அனைவரும் மேடைப்பேச்சாளர் போலவே உரையாடுகின்றனர். அழுக்கு நீக்கிய குடந்தான். உள்ளே நீர் இல்லை.

பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' பற்றி நீள எழுத வேண்டுவதில்லை. பழைய உரைகளும் அகராதிகளும் 'ஒருவகை மரம்', 'ஒருவகைப் பூ' என்று நழுவிய இடங்களில் இவர் நின்று, அது இன்ன செடி என்று தேடுகின்றார். இலத்தீன் பெயர்களைக் கண்டு முகம் சுளிப்போர் சுளிக்கட்டும். அடையாளத்துக்கு அவை வேண்டும்.

கி. இராசநாராயணன் 1982இல் தொகுத்தளித்த 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' வேறு வகை. தெலுங்கு பேசும் குடியில் தோன்றிய ஓர் உழவர், கல்லூரி வாயில் மிதியாதவர், சிற்றூர் மக்களின் சொல்லை அள்ளி வைத்தார். பட்டம் பெற்ற புலவர் எத்தனை பேர் தம் ஊர்க்கு இதனைச் செய்தோம்? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி நாட்டுப்புறச் சொற்களைப் புறக்கணித்தது என்று பாவாணர் கடிந்தார்; மாவின் வடு, பலாவின் மூசு, வாழையின் கச்சல் எனப் பிஞ்சுக்குப் பிஞ்சு பெயர் வேறுபடுவதை எடுத்துக்காட்டினார். அவர் 1974இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி 2011இல்தான் நிறைவுற்றது. அச்சில் ஏறாத சொற்கள் இன்னும் ஊர்தோறும் உள.

வடசொல் கலந்த நூலைத் தொடேன் என்பது தனித்தமிழ்க் கொள்கையன்று. கலப்பைக் கண்டிப்போம், களஞ்சியத்தைக் கைவிடோம். கரையோரத்து அன்பர்களை ஒன்று வேண்டுகின்றோம். பாய்மரம் ஓட்டிய முதியோர் இன்னும் உங்கள் ஊரில் இருப்பின், காற்று, நீரோட்டம், வலை, மரம் ஆகியவற்றின் உறுப்புப் பெயர்களை அவர் ஒலிக்கும் வண்ணமே எழுதி, ஊர்ப்பெயரும் சேர்த்து எமக்கு விடுக்குக. நீங்கள் திருத்தி எழுத வேண்டா.