வைப்பர் ரப்பருக்குக் காசில்லையாம், ஏர் ஹாரனுக்கு இருக்காம்

ஐப்பசி பொறந்து நாலு மழை பெஞ்சாச்சு. சம்பாவுக்கு வேண்டிய மழை, அதைக் குறை சொல்ல நான் வரலை. மழையில ரோட்டுல ஓடுற வண்டிகளைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதணும். அதுலயும் வைப்பர். போயும் போயும் இதையா எழுதுறீங்கன்னு கேட்பீங்க. ஆமாம், இதைத்தான்.

போன வாரம் சாயந்தரம் நல்ல மழை. எதிர்ல ஒரு ஸ்கூல் வேன் வருது. எந்த ஸ்கூல்னு பேரு வேணாம். டிரைவர் பக்கத்து வைப்பர் கண்ணாடி நடுவுல மல்லாந்து நிக்குது. இடது பக்கம் கம்பி மட்டும்தான், ரப்பரே இல்ல. கிளீனர் பையன் ஜன்னல் வழியா கையை நீட்டி பனியன் துணியால கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே வர்றான். உள்ள இருபது பிள்ளைங்களாவது இருக்கும். மறுநாள் டிரைவரைக் கேட்டா, "ஓனர் வாங்கித் தரமாட்டேங்குறார்ண்ணே"ங்குறான். அந்த வேன்ல கலர் கலரா லைட்டு, முன்கண்ணாடில பாதி வரைக்கும் ஸ்டிக்கர், போதாததுக்கு சட்டம் தடை செஞ்ச ஏர் ஹாரன். ஒரு ஜோடி பிளேடு முந்நூறு நானூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுபோகும். அதுக்குத்தான் காசில்லையாம்.

இதுல ஒரு விஷயம் யாரும் யோசிக்கிறதில்ல. வைப்பர் வண்டிக்குள்ள இருக்கிறவனுக்கு மட்டும்னு நினைக்கிறாங்க. அப்படியில்ல. நல்லா தெரியுதோ இல்லையோ, வண்டிக்குள்ள இருக்கிறவனைச் சுத்தி தகரம் இருக்கு. சாக்கை கொங்காணியா தலைல போட்டுக்கிட்டு மாட்டைப் பிடிச்சிட்டு வர்றவன், நடவு முடிஞ்சு வரிசையா ஓரமா நடந்து வர்ற பொம்பளைங்க, கேரியர்ல புல்லுக்கட்டு வெச்சு சைக்கிள் மிதிக்கிறவன், இவங்களுக்கு என்ன இருக்கு? மணிக்கு 60 கிலோமீட்டர்ல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகுது. கண்ணாடி ரெண்டு செகண்டு மறைச்சா 33 மீட்டர் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டின மாதிரி. அந்த 33 மீட்டருக்குள்ளதான் நாங்க நடந்துக்கிட்டு இருக்கோம்.

1989-ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதியிலயே வைப்பர் இருக்கணும்னு இருக்கு. ஆனா எஃப்.சி. அன்னைக்கு மட்டும் இன்னொரு வண்டியில இருந்து இரவல் வாங்கி மாட்டிக்கிட்டுப் போறவங்களை நான் பார்த்திருக்கேன். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவாங்க, சரி. வைப்பருமா? 1903-லயே மேரி ஆண்டர்சன்னு ஒரு அமெரிக்க அம்மா இதுக்கு காப்புரிமை வாங்கிட்டாங்க. உள்ள உட்கார்ந்துக்கிட்டே கைப்பிடியால ஆட்டுற மாதிரி வைப்பர். அதுக்கு அப்புறம் நூறு வருஷம் தாண்டி நம்ம ஊர்ல பனியன் துணி.

அடுத்தது மெக்கானிக்குங்க. எல்லாரையும் சொல்லலை, நல்லவங்க இருக்காங்க. ஆனா வைப்பர் ஓடலைன்னு போய் நின்னாலே "மோட்டார் போச்சு"ன்னு சொல்றதை வழக்கமாவே வெச்சிருக்காங்க சில பேர். எங்க பங்காளி மகன் குட்டியானைக்கு டவுன்ல ஒரு பட்டறையில அப்படித்தான் சொன்னாங்க. வண்டியைக் கொண்டாந்து பானெட்டைத் திறந்து சுவிட்சைப் போடச் சொன்னேன். மோட்டார் கிர்ர்னு சுத்துது, கை அசையலை. மோட்டார் போயிருந்தா எப்படிய்யா சுத்தும்? லிங்க் ராடோட குண்டு மூட்டு கழண்டு கிடந்துச்சு, அவ்வளவுதான்.

அதனால பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே பாருங்க. சுவிட்சைப் போட்டா சத்தமே இல்லைன்னா முதல்ல ஃப்யூஸ். போயிருந்தா அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போடணும். மோட்டார் கொட்டகையில பண்றமாதிரி செம்புக் கம்பியை முறுக்கிப் போடுறவங்க இருக்காங்க, வயரிங்கே எரிஞ்சுபோகும். ஒரு கை ஓடுது, ஒரு கை ஓடலைன்னா, ஓடாத கையோட அடியில ஒரு மூடி இருக்கும், அதுக்குள்ள நட்டு லூசாயிருக்கும். கையைக் கீழே படுக்கிற இடத்துல வெச்சு இறுக்குங்க, இல்லைன்னா பானெட்டுல போய் அடிக்கும். மெதுவா ஓடினா, ஹெட்லைட்டை அணைச்சுப் பாருங்க. அணைச்சதும் வேகம் வந்தா கோளாறு பேட்டரி, சார்ஜ், எர்த் வயர் பக்கம். வேகம் வரலைன்னா லிங்கை மோட்டார்ல இருந்து கழட்டிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிடுங்க. அது நல்லா சுத்தினா, கை மாட்டியிருக்கிற தண்டு துருப்பிடிச்சிருக்கு, எண்ணெய் கேட்குது. ஆஃப் பண்ணினா கை கீழே வந்து படுக்காம நடுவுலயே நின்னுபோச்சுன்னா, அது மோட்டாருக்குள்ள இருக்கிற பார்க்கிங் சுவிட்சு வேலை. அதை மட்டும் எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க.

ஆனா நம்ம பக்கம் முக்கால்வாசி தொல்லை மோட்டார்ல இல்ல, ரப்பர்லயும் கண்ணாடியிலயும்தான். சித்திரை வைகாசி வெயில்ல வண்டி வெட்டவெளியில நிக்குது, ரப்பர் வரட்டி மாதிரி காய்ஞ்சு போகுது. அது மழையில கோடு கோடாத்தான் துடைக்கும், கரகரன்னு குதிச்சுக்கிட்டு ஓடும். விரலால தடவிப் பாருங்க. விளிம்பு விறைச்சோ கிழிஞ்சோ இருந்தா மாத்துறதைத் தவிர வேற வழியில்ல. அறுவடை சமயத்துல மிஷின் அடிக்கிற தூசும் பதரும் கண்ணாடியில படிஞ்சிருக்கும். தண்ணி ஊத்திக் கழுவாம அப்படியே வைப்பரைப் போட்டா அரம் வெச்சுத் தேய்ச்ச மாதிரி கீறல் விழும். ராத்திரி எதிர் வண்டி வெளிச்சம் பட்டா அந்தக் கீறல் பூரா மத்தாப்பு. மண்ணெண்ணெய்த் துணியால பளபளன்னு துடைக்கிறதும் வேணாம், எண்ணெய்ப் பிசுக்கு நிக்கும். ஒரு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணியில கலக்கி நல்லாத் தேய்ச்சுக் கழுவினா போதும்.

பொகையிலையைத் தேய்ச்சா தண்ணி நிக்காதுன்னு பழைய லாரி டிரைவருங்க சொல்லுவாங்க. நடுவழியில மாட்டிக்கிட்டவன் ஓரமா ஒதுங்கப் போதும், அவ்வளவுதான். அதை வெச்சே கார்த்திகை வரைக்கும் ஓட்டுறேன்னு சொல்றவங்களை என்ன சொல்ல.

இன்னொரு கூத்து. உள்பக்கம் மூச்சு ஆவி படிஞ்சு கண்ணாடி மங்கியிருக்கும், இவங்க வெளியில வைப்பரை வேகமாப் போடுவாங்க. உள்ள மங்கினா ஜன்னலை விரலளவு இறக்குங்க, இல்ல ஏ.சி. காத்தைக் கண்ணாடிக்குத் திருப்புங்க.

பிள்ளைங்களை வேன்ல அனுப்புறவங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். நாளைக்குக் காலையில வேன் வந்து நிக்கும்போது ஒரு குடம் தண்ணியைக் கண்ணாடியில ஊத்தி, "வைப்பரைப் போடுப்பா"ன்னு சொல்லுங்க. ஓடலைன்னா, வண்டியை அங்கேயே நிறுத்தி, டிரைவர்கிட்ட சண்டை போடாம ஓனருக்குப் போன் போடுங்க.