மழைக்கு முன் கயிற்றை இழுத்துப் பாருங்கள்

ஐப்பசி பிறந்தால் வாய்க்காலை வெட்டிவிடுகிறோம். மாட்டுக் கொட்டகையின் கூரையைச் சரிசெய்கிறோம். ஆனால் வயலில் தேங்கும் நீரை இறைக்க வேண்டிய ஆயில் எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பவர் சிலரே. வெள்ளத்துக்கென்று வாங்கி வைத்த படகின் மோட்டாரைக் கிளப்பிப் பார்ப்பவரோ அதைவிடக் குறைவு. ஆபத்து வந்த அன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்த பிறகு, மோட்டாரைக் குறை சொல்லுகிறோம். குற்றம் மோட்டாரிடம் இல்லை. போன தடவை அதை நிறுத்தி வைத்த நம்மிடம் இருக்கிறது என்பது என் கருத்து.

படகுக்கும் உழவனுக்கும் என்ன சம்பந்தம் என்று மேடவாக்கம் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் ஊர், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் ஏரிகளின் உபரி நீரெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போக வேண்டும். போகும் வழி குறுகிவிட்டதால் நீர் தெருவிலும் கொட்டகையிலும் தங்குகிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி வந்து மக்களை மீட்டார்கள். நான் பார்த்த அளவில், அவர்கள் மோட்டார்கள் இரண்டு மூன்று இழுப்பில் கிளம்பின. காரணம் எளிது: அவை அன்றாடம் கடலுக்குப் போய் வருபவை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நான் கண்டது வேறு. கொட்டகையில் தண்ணீர் மாட்டின் வயிற்றைத் தொட்டது. இரண்டு கன்றுகளையும் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் ஏற்றிக்கொள்ள ஒரு படகு வந்தது. ஆளை ஏற்ற நிறுத்திய மோட்டார் திரும்பக் கிளம்பவில்லை. அரை மணி நேரம் இழுத்ததில் கயிறே அறுந்தது. “போன மழைக்கு நிறுத்தினது, அப்படியே வச்சிருந்தோம் பெரியவரே” என்றான் பையன். மூங்கில் கழியை ஊன்றித்தான் கரை சேர்ந்தோம். பிறகு பிரித்துப் பார்த்தபோது, கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்திருந்தது. பிளக் கரி பிடித்திருந்தது. நூறு இருநூறு ரூபாய்ச் சாமானும் அரை நாள் வேலையும்தான். அதைச் செய்யாததால் ஒரு மூதாட்டி மழையில் நனைந்துகொண்டு காத்திருந்தார்.

ஆகவே முதலில் நிறுத்தும் முறையைச் சொல்லுகிறேன். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நிற்கும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. எத்தனை இழுத்தாலும் பலனில்லை. மண்ணெண்ணெய் பம்ப்செட் வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்த பாடமே.

நாள் கணக்கில் நிறுத்துவதானால், கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். டாங்கியையும் காலி செய்யுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். உப்பு நீரிலோ சாக்கடை கலந்த வெள்ளத்திலோ ஓடிய மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். பிளக்கைக் கழற்றி, துளையில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டி நிமிர்த்தி வையுங்கள்.

கிளம்பாதபோது உடனே ஸ்பானரை எடுக்க வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கிறதா? நிறுத்தும் சுவிட்சின் கிளிப் மாட்டியிருக்கிறதா? டாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? குழாயின் நடுவிலுள்ள ரப்பர் உருண்டையைக் கெட்டியாகும்வரை அமுக்கினீர்களா? இந்த நான்கைப் பார்த்தாலே பாதித் தொல்லை தீரும். பிறகு சோக் இழுத்து, கயிறு பிடிப்புக் கொடுக்கும்வரை மெல்ல இழுத்து, அங்கிருந்து ஒரே வீச்சாக இழுக்க வேண்டும். பெட்ரோல் வாசனை அடித்தால் அளவு மீறிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள்.

கயிற்றில் நார் பிரிந்தால் அறுமுன்பே மாற்றுங்கள். ஆனால் அதன் உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் துள்ளினால் கண்ணைப் பதம் பார்க்கும். பழகியவரிடம் கொடுப்பதே நலம். பாட்டரியில் கிளம்பும் மோட்டாரானால், ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தால் பாட்டரி இறங்கியிருக்கும், அல்லது முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஸ்டார்ட்டர் சுழன்றும் எஞ்சின் திரும்பாவிட்டால், அதன் சிறு பல்சக்கரம் துருவிலோ காய்ந்த கிரீஸிலோ சிக்கியிருக்கும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தக் கூடாது.

ஒன்றை மறக்கலாகாது. சோதிப்பதற்காகத் தண்ணீரில்லாமல் ஓட்டினால், குளிர்நீர் ஏற்றும் ரப்பர்ச் சக்கரம் சில நொடியில் தீய்ந்துவிடும். ஒரு பீப்பாயில் நீர் நிரப்பி அதில் இறக்கி ஓட்டுங்கள். பக்கவாட்டில் நீர்த்தாரை வருகிறதா என்று பாருங்கள். நம் ஏரிகளில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் நீர் இழுக்கும் துளையை அடைத்துவிடும்.

படகு வாங்குவதைப் பெரிய காரியமாகச் செய்யும் நாம், அதைப் பேணுவதை யாருடைய வேலையும் அல்ல என்று விட்டுவிடுகிறோம். வெள்ளத்துக்கென வைத்திருக்கும் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பீப்பாயில் இறக்கிக் கிளப்பி, தேதியை நோட்டில் குறித்து, கையெழுத்திட வேண்டும். கோவளம், நீலாங்கரைப் பக்கத்து மீனவ இளைஞர் ஒருவருக்குக் கூலி கொடுத்து இதைச் செய்யச் சொன்னால் உள்ளாட்சிக்கு ஒன்றும் பெரிய செலவாகிவிடாது. கணக்குப் பார்த்தால் ஒரு கன்றின் விலைகூட ஆகாது.

உழவர் அன்பர்களும் தங்கள் எஞ்சினை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை கிளப்பிப் பாருங்கள். கிளம்பாவிட்டால் வருந்த வேண்டாம்; வெயில் இருக்கும்போது தெரிந்துகொண்டீர்கள் என்று மகிழுங்கள்.