குறித்த இடமும் குறியாத சொல்லும்

இவ்வாரம் எழுத எடுத்துக்கொண்ட பொருள் வாசக அன்பர்களுட் சிலருக்கு நகைப்பை விளைவித்தல் கூடும். இலக்கியப் பகுதியின் தலையங்கத்திலே கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பாரும் இருப்பர். ஒரு மாதத்துக்கு முன்னராயின் யானும் அவர் பக்கமே நின்றிருப்பேன்.

நிகழ்ந்தது இது. உயர்தர வகுப்பிலே என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன், அதிகம் பேசாதவன், வகுப்பு முடிந்தபின் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, இரண்டு பாத்திரங்கள் சந்திக்கப் போவதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், அந்தச் சந்திப்புப் பொய்யாகிவிடுமா?" என்று கேட்டான். நாடகம் எழுதுகிறான் போலும் என மகிழ்ந்து விசாரித்தேன். நாடகம் அன்று, இணையவழி விளையாட்டு என்றான். "தம்பி, முதலிற் சோதனைக்குப் படியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது தமிழ்ப் பண்டிதனிடமே கேட்கத்தக்க கேள்வி என்பது வீட்டுக்குச் செல்லும் வழியிலேதான் எனக்குப் புலப்பட்டது. மறுநாள் யானே அவனை அழைத்தேன்.

இவ்விளையாட்டின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுதல் வேண்டும். மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் விளையாட்டு அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டு நூல்வடிவம் பெற்று விற்பனைக்கு வந்தது. 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே ரோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர் இருவர், பலர் ஒரே வேளையில் நுழைந்து உலாவத்தக்க எழுத்தாலான உலகொன்றைக் கணினியில் அமைத்தனர். 2004 இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்' போன்றவை அதன் பேரப்பிள்ளைகள் எனலாம். இவ்வுலகுகளிலே பகைவரைக் கொன்று பொருள் குவிப்போரே பெரும்பாலார். வேறொரு சாராரும் உளர். அவர் தாம் புனைந்த ஒரு பாத்திரமாகவே, படகோட்டியாகவோ மருத்துவிச்சியாகவோ நாடிழந்த படைவீரனாகவோ, அவ்வுலகின் தெருக்களிலும் சத்திரங்களிலும் திரிந்து, எதிர்ப்படும் பாத்திரங்களோடு எழுத்தால் உரையாடுவர். அக்கதை முன்னே எழுதப்பட்டதன்று. இருவரும் எழுத எழுத வளர்வது.

அவர்க்கென ஓர் இலக்கணமும் உண்டு. பாத்திரத்தின் கூற்றன்றி ஆடுவோன் தன் வாயாற் சொல்வதை இரட்டைப் பிறையடைப்பினுள் இடுவர். தன் பாத்திரம் வாளை ஓங்கிற்று என எழுதலாம். எதிர்ப்பாத்திரத்தின் தலை வீழ்ந்தது என எழுதலாகாது. வீழ்வதா விலகுவதா என்பதை அதற்குரியவரே எழுதல் வேண்டும். ஆடுவோன் அறிந்ததைப் பாத்திரமும் அறிந்ததாகக் காட்டுதல் குற்றம். மாணவன் இவற்றை விளக்கியபோது, நம் பாடசாலை விவாத அரங்குகளிலே இத்துணை ஒழுங்கைக் கண்டதில்லையே என்று எண்ணிக்கொண்டேன்.

அவன் கேள்விக்கு வருவோம். பாத்திரங்களின் சந்திப்பைத் தற்செயலுக்கு விடுவதா, முன்னரே குறித்துக்கொள்வதா என்பது இவ்விளையாட்டினரிடையே தீராத வழக்கு. தற்செயலே உயிர் என்பார் கூற்றிலே பொருள் இல்லாமல் இல்லை. வியப்பு மெய்யாகவே வியப்பாயிருக்கும். அச்சம் மெய்யாகவே அச்சமாயிருக்கும். ஆயின் சத்திரத்திலே தற்செயலாகச் சந்தித்த பாத்திரங்கள் இரண்டு, வணக்கம் கூறி, வானிலை பேசி, எங்கிருந்து வருகிறீர் எனக் கேட்டு, இரண்டு மணி நேரத்தின்பின் யாதொன்றும் நிகழாமற் பிரிதலே பெரும்பான்மை வழக்கம் என்றும் அறிகிறேன். கல்யாண வீட்டுப் பந்தலில் அறியாதார் இருவர் அருகருகே இருந்த கதைதான்.

நம் புலவர் இதனை எவ்வாறு கையாண்டனர் என்று நோக்குதல் தகும். இராமனும் குகனும் கங்கைக் கரையிற் சந்திக்கின்றனர். வான்மீகியார் குகனை இராமனுக்கு உயிரனைய பழைய நண்பனாக அறிமுகஞ் செய்கின்றார். கம்பரோ அன்றுதான் அவர் முதன்முதல் எதிர்ப்படுவதாக அமைத்தார். நிகழ்ச்சி ஒன்றே, ஆயினும் முன்னறிமுகம் உண்டா இல்லையா என்ற ஒன்றை மாற்றியதனால் அதன் சுவை முழுதும் மாறிற்று. பழைய நண்பன் வந்து தழுவுவதற்குக் காரணங் கூறவேண்டியதில்லை. முதன்முறை காண்பவன் கையிலே எதையேனும் ஏந்திவரல் வேண்டும். ஆகவே தேனும் மீனும் வந்தன. அவற்றை அரசகுமாரன் ஏற்கும் முறையிலே அவ்வன்பு ஒரு கணத்திற் பிறந்து வளர்வதை நாம் காண்கிறோம். மிதிலையிலே வில் முறியுமுன் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் கண்டதாக வைத்ததும் கம்பர் செய்ததே. வான்மீகத்தில் அது இல்லை. முன்னே கண்டமையால் வில் முறிந்த ஓசைக்காகக் காத்திருக்கும் நெஞ்சம் ஒன்று நமக்குத் தெரிந்ததாகிவிடுகிறது. "நம் பாத்திரங்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவையா?" இதுவே இவ்விளையாட்டினர் தம்முள் முதலிற் கேட்டுக்கொள்ளும் கேள்வி என்று மாணவன் கூறியபோது குகப் படலத்தை எடுத்து அவன்முன் வைத்தேன்.

அகப்பொருள் நூலார் இன்னும் நுண்ணியர். தலைவனும் தலைவியும் முதலில் எதிர்ப்படுதல் ஊழின் ஆணை என்றார் தொல்காப்பியர். அஃது இயற்கைப் புணர்ச்சி, யாரும் குறித்ததன்று. ஆயின் அதன்மேல் நிகழ்வன யாவை? முன்னாட் கண்ட இடத்துக்கே மீண்டும் செல்லும் இடந்தலைப்பாடு, பாங்கனாற் கூடுதல், பாங்கியாற் கூடுதல், பகற்குறி, இரவுக்குறி என ஒன்றன்பின் ஒன்றாய்க் குறித்த சந்திப்புகளே. தற்செயல் ஒருமுறைதான், காதல் வளர்ந்தது குறியிடத்திலே. குறியிடம் குறித்தமையால் எந்தத் தலைவியின் நெஞ்சத் துடிப்புக் குறைந்தது? தாய் துயில்வாளா, நாய் குரைக்குமா, நிலவு காயுமா என்ற அச்சமெல்லாம் இடமும் பொழுதும் குறித்ததனால் விளைந்தனவே. குறியாதிருந்தால் அல்லகுறிப்படுதல் என்றொரு துறையே தோன்றியிராது.

அல்லகுறிக்கு இக்காலத்து உதாரணமும் மாணவனிடமே கிடைத்தது. அவனோடு ஆடுபவர் ரொறன்ரோ நேரத்தைக் கணக்கிடுபவர். அவரைப் பற்றி அவன் அறிந்தது பெரும்பாலும் அவ்வளவே. அகத்திணையிலே ஒருவர் பெயரும் சுட்டப்படாதது போல, இவரும் தம் இயற்பெயரைப் பரிமாறுவதில்லை. (அந்நியரோடு பழகுதல் பற்றிப் பெற்றோர் கொள்ளும் அச்சம் நியாயமானது, பெயர், ஊர், படம் கொடாமை நல்ல வழக்கமே.) அங்கே சனி இரவு எட்டரை மணியாயின் இங்கே ஞாயிறு காலை ஆறு மணி. நவம்பர் மாதத்திலே கனடாவிற் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவர் என்பதை இவன் அறியான். ஆறு மணிக்கு எழுந்துபோய் ஆற்றங்கரையிற் காத்திருந்து, ஒருவரும் வாராமையால் மனம் நொந்து மீண்டான். அவர் வந்தபொழுது இங்கே மணி ஏழு. இவன் பிரத்தியேக வகுப்புக்குப் புறப்பட்டுவிட்டான்.

இடமும் பொழுதும் குறித்தல் சரி, சொல்லையும் குறிக்கலாமா? மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகம் என்றொன்று உண்டு. வள்ளி திருமணம் ஆட வேண்டுமாயின் வள்ளியாக ஒருவர், நாரதராக ஒருவர் என வெவ்வேறிடங்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்டு அன்றிரவு மேடைக்கு வருவர். கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. கதையும் பாட்டும் இருவர்க்கும் தெரியும்; தர்க்கத்திலே இன்னார் இன்னது கேட்பார் என்பது தெரியாது. அந்தத் தெரியாமைக்காகவே சனம் விடியுமட்டும் இருக்கும்.

மாணவன் தன் கொப்பியைக் காட்டினான். மூன்று பக்கம் எழுதியிருந்தான். தன் படகோட்டி சொல்வதை மட்டுமன்றி, மருத்துவிச்சி என்ன மறுமொழி கூறுவாள், எவ்விடத்தில் அழுவாள் என்பதையும் எழுதியிருந்தான். "இது சந்திப்பன்று தம்பி, இருவர் பெயரில் நீர் ஒருவர் எழுதிய கடிதம்" என்றேன். சிரித்தான். ஆயின் அவனை வருத்தியது வேறு. அவன் திட்டத்திலே படகோட்டி கொண்டுவருவது மருத்துவிச்சியின் தந்தை போரில் இறந்த செய்தி. அதைச் சொல்லாமல் வைத்துத் திடீரெனச் சொன்னாற்றான் எதிர்ப்பக்கத்திலிருந்து உண்மையான எழுத்து வரும் என்று உடன் ஆடும் நண்பன் ஒருவன் வற்புறுத்தியிருக்கிறான். இவன் மனம் ஒப்பாமல், இரட்டைப் பிறையடைப்பினுள், "ஒரு சாவுச் செய்தி வரும், தந்தையினுடையது, ஆடலாமா?" என்று கேட்டுவிட்டான். மறுமொழி வந்தது. தம் தந்தையார் இரண்டு மாதங்களின்முன் காலமானார் என்றும், அச்செய்தி மட்டும் வேண்டாம் என்றும், வேறெதுவாயினும் ஆடலாம் என்றும் அவர் எழுதியிருந்தார். கேட்டதனாற் கதை கெட்டது என்று நண்பன் ஏசினானாம். அதன்பின்னரே என் மேசையருகே வந்து நின்றிருக்கிறான்.

இதைக் கேட்டு யான் சிறிது நேரம் பேசவில்லை. 2011 ஆம் ஆண்டு வேறொரு பாடசாலையிலே கற்பித்தபோது நிகழ்ந்ததொன்று முன்வந்து நின்றது. மயான காண்டத்தைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் நடித்துப் புகழ் பெற்றதன்றோ? நூலைப் படித்தாற் போதாது, ஆடிக் காட்ட வேண்டும் என்ற ஆர்வம். முன்னறிவித்தால் மாணவர் மனப்பாடஞ் செய்து கெடுத்துவிடுவர் என்பது அக்காலத்து என் கொள்கை. அன்று காலை வகுப்பில் இருவரை எழுப்பினேன். ஒருவன் சுடலை காக்கும் அரிச்சந்திரன். மற்றவன் வன்னியிலிருந்து வந்து அவ்வாண்டு சேர்ந்தவன், அவனைச் சந்திரமதியாக்கினேன். "இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரும்" என்றேன். அவன் கைகளை ஏந்தியபடி நாலடி நடந்தான். காவலன் தடுத்து, கட்டணம் எங்கே என்று கேட்டான். இவன் வாய் திறக்கவில்லை. ஏந்திய கைகளைப் பார்த்தபடி நின்றான். நல்ல நடிப்பென்று வகுப்புக் கைதட்டியது. யானும் தட்டினேன். இரண்டாண்டுகளின்முன் தன் தம்பியை அவன் அவ்வாறு ஏந்தி நடந்தவன் என்பதைப் பகலுணவு வேளையில் வேறொரு மாணவன் வந்து சொன்னான். முதல்நாள் மாலையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு வேடம் கொடுத்திருப்பேன். காவலனாக நிற்கிறேன் என்று அவனே சொல்லியிருக்கவும் கூடும்.

ஆகவே மாணவனிடம் என் கருத்தைத் தயங்காது கூறினேன். இன்ன இடம், இன்ன பொழுது, முன்னறிமுகம் உண்டா இல்லையா, எதைத் தொடலாகாது: இவற்றை முன்னரே பேசிக்கொள்க. மருத்துவிச்சியின் வாய்மொழியை அவளிடமே விட்டுவிடுக. முன்னரே கேட்டமையாற் பொய்யானது எதுவுமில்லை. அந்நண்பன் வேண்டிய கண்ணீரோ பாத்திரத்தின் கண்ணீர் அன்று. கட்டுரைப் பாடத்திலே 'எதிர்பாராத சந்திப்பு' என்று தலைப்புக் கொடுத்து, புகையிரத நிலையத்திற் பழைய நண்பனைக் கண்ட கதையையே ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் நாம், இப்பிள்ளைகள் சந்திப்பொன்றுக்கு எடுக்கும் சிரத்தையை ஒருமுறை பார்த்தல் நன்று. கொப்பியைப் பறித்து வைக்குமுன் அதை வாசித்தலாவது செய்யலாம்.

மூன்று பக்கத்தையும் அவன் ஐந்து வரியாகக் குறைத்தான். தந்தையின் சாவுக்குப் பதிலாக, அவள் விட்டுவந்த வீடு எரிந்துபோன செய்தியைப் படகோட்டி கொண்டுவருவதென மாற்றி, அது தகுமா என்று கேட்டு, தகும் என்ற மறுமொழியும் பெற்றான்.

கடந்த திங்கட்கிழமை, சந்திப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்று விசாரித்தேன். குறித்தபடி ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரைக்கு மருத்துவிச்சி வந்தாளாம். எங்கிருந்து வருகிறாய், என்ன செய்தி என்று அவள் கேட்பாள், அப்போது சொல்லலாம் என்று இவன் காத்திருக்கிறான். அவளோ அக்கரைக்குப் போக என்ன கூலி என்று மட்டும் கேட்டுப் படகில் ஏறிவிட்டாள். முக்கால் மணி நேரம் துடுப்பு வலித்தானாம். நீரைப் பற்றியும் அக்கரையிலுள்ள நோயாளி ஒருவனைப் பற்றியும் அவள் பேசினாள். இறங்கும்போது கூலிக்குமேல் ஒரு காசு வைத்துவிட்டுப் போனாள்.

"அப்படியாயின் செய்தி?" என்றேன்.

"அது இன்னும் படகிலேயே இருக்கிறது, ஐயா" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கு, அக்கரையிலே, நேரம் குறித்தாயிற்றாம்.